சேவல் கோயிலும் சைகோன் வெயிலும்

வியட்நாம் டூர் போய்விட்டு வருகிற நம்மூர்க்காரர்கள் எல்லோரும் தாலாத்தில் ஒரே போட்டோவைத்தான் எடுக்கிறார்கள். இளஞ்சிவப்புச் சுவர், பின்னால் நெட்டையாக ஒரு மணிக்கூண்டு, முன்னால் கூலிங்கிளாஸ் போட்ட குடும்பம். "அச்சு அசல் ஐரோப்பா மாதிரியே இருக்கு" என்று கீழே ஒரு வரி. நானும் போய் எடுத்தேன், அது வேறு விஷயம். ஆனால் அந்தச் சேவல் கோயில் யாருக்காக, எதனால் அந்த மலைமேல் வந்தது என்று பார்த்தால் கதை நம் புதுச்சேரி மிஷன் வீதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதை இங்கே யாரும் சொல்லிக் கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மிஷன் வீதியில் இருக்கிற நம்ம சம்பா கோயிலை ஆரம்பத்தில் கட்டியவர்கள் சேசு சபைக்காரர்கள், அதாவது ஜெசூட் சாமியார்கள். டச்சுக்காரர் வந்தபோது ஒரு முறை இடிந்தது, 1761இல் ஆங்கிலேயர் ஊரையே தரைமட்டமாக்கியபோது மறுபடி போனது. இப்போது நிற்கிற கட்டடத்துக்கு 1791இல் அபிஷேகம் நடந்தது. இதற்கு நடுவில் 1773இல் ரோமாபுரியே சேசு சபையைக் கலைத்துவிட, 1776இல் பாரிஸ் வேதபோதக சபைச் சாமியார்கள் இங்கே பொறுப்பேற்றார்கள். எம்.இ.பி. சாமியார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அவர்கள்தான். அதே சபைதான் வியட்நாமிலும் வேலை பார்த்தது. புதுச்சேரிக்கு வந்தவரும் சைகோனுக்குப் போனவரும் பாரிஸில் ஒரே மடத்தில் படித்துவிட்டுக் கப்பல் ஏறியவர்கள்.

வந்த இடத்தில் அவர்களைப் போட்டுப் பார்த்தது வெயிலும் காய்ச்சலும்தான். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஈரல் நோய். இருபத்தைந்து வயதில் வந்து முப்பதுக்குள் செத்துப்போனவர்கள் ஏராளம். நாடு திரும்பிப் போகக் கப்பலில் பல வாரம் ஆகும், போனவர் திரும்பி வருவாரா என்பதும் நிச்சயமில்லை. அதனால் சபையே கிழக்கில் அங்கங்கே உடம்பு தேற்றும் வீடுகளைக் கட்டியது. 1875இல் ஹாங்காங்கில் பெத்தானி. நம் பக்கத்துச் சாமியார்களுக்கு நீலகிரியில், வெல்லிங்டனில், புனித தியோடர் பெயரில் ஒரு இல்லம். புதுச்சேரி, சேலம், மைசூர் என்று எங்கே படுத்தாலும் அங்கே அனுப்பிவிடுவார்கள். நம் மே மாத மதியத்தில் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு பங்கு பங்காகச் சுற்றினால் யாருக்குத்தான் ஊட்டிக் காற்று வேண்டாம்?

சரி, தாலாத்துக்கு வருவோம். 1893இல் அந்தப் பீடபூமிக்கு ஏறிப் போய் எழுதி வைத்தவர் அலெக்சாண்டர் எர்சின். பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தாரே, அதே டாக்டர், அது அடுத்த வருடம் ஹாங்காங்கில். அங்கே ஏற்கெனவே லாத் என்ற மலைவாழ் மக்கள் குடியிருந்தார்கள், ஆகவே 'கண்டுபிடித்தார்' என்று சொல்ல எனக்கு மனசில்லை. 1897இல் இந்தோசீனாவுக்கு (வியட்நாமும் சேர்ந்த பிரெஞ்சு ஆட்சிப் பகுதி) கவர்னர் ஜெனரலாக வந்த பால் டூமெர், பிரெஞ்சுக்காரர்கள் உடம்பு தேற்றிக்கொள்ள ஒரு மலை இடம் வேண்டும் என்று தேடியபோது எர்சின் கை காட்டியது இந்த இடத்தை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம், பைன் மரங்கள், ராத்திரியில் கம்பளி இல்லாமல் முடியாது. ஊர் தொடங்கியதே நோயாளிகளுக்காகத்தான் என்றால் தப்பில்லை.

1917இல் எம்.இ.பி. சபையின் தூரகிழக்கு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நிக்கோலா கூவ்ரேர் என்ற சாமியார் அங்கே வந்தார். வந்த வேலை என்ன என்று பார்த்தால் கோயில் கட்ட இல்லை, களைத்துப்போன சாமியார்களுக்கு ஒரு ஓய்வில்லம் போட. வெல்லிங்டனில் நடந்ததுதான் இங்கேயும். அப்புறம் 1920இல் தாலாத் தனிப் பங்கானது, பிரெடெரிக் சிதோ முதல் பங்குச் சாமியார், அவர் ஒரு சின்னக் கோயில் எழுப்பினார். ஊர் வளர வளர அது போதவில்லை.

பெரிய கோயிலுக்கு அடிக்கல் 1931 ஜூலை 19இல் வைத்தார்கள். வைத்த நேரம் இருக்கிறதே! உலகப் பொருளாதாரமே விழுந்து கிடந்த சமயம், இந்தோசீனாவில் அரிசி விலையும் ரப்பர் விலையும் பாதாளத்தில். வேலை முழுசாக முடிந்தது 1942 ஜனவரி 25இல், பவுலடியார் மனமாற்றத் திருநாளன்று. பத்து வருடத்துக்கு மேல். அதற்குள் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றுவிட்டது, 1940இலிருந்து ஜப்பான் படை இந்தோசீனாவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதே போர்தான் தாலாத்தை நிரப்பியது. கடல் வழி அடைபட்டதால் லீவுக்கு ஊருக்குப் போக முடியாத பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் இந்த மலைக்கு ஏறினார்கள். கவர்னர் ஜெனரல் தெக்கூவுக்கு அந்த ஊர்மேல் தனிப் பிரியம், கிட்டத்தட்டக் கோடைத் தலைநகரம் போலவே நடத்தினார். அவர் மனைவி 1944இல் கார் விபத்தில் இறந்தபோது புதைத்ததும் அங்கேதான், தோமேன் தெ மரி மடத்துக் கோயிலுக்குப் பின்னால்.

கட்டடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நீளம் 65 மீட்டர், அகலம் 14, மணிக்கூண்டு 47 மீட்டர். நம் ரயிலடியில் இருக்கிற இருதய ஆண்டவர் கோயிலை மனசில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். 1907இல் திறந்த அது கோத்திக், எல்லா வளைவும் மேலே கூர்ந்து நிற்கும். தாலாத்தில் வளைவுகள் உருண்டையாக, சுவர் கனமாக, அதற்கும் முந்தைய ரோமானெஸ்க் பாணியில் இருக்கிறது. வண்ணக் கண்ணாடி மட்டும் இரண்டிலும் உண்டு. தாலாத்தின் கண்ணாடிகள் கிரெனோபிளில் லூயி பல்மே பட்டறையில் செய்தவை, மொத்தம் 70. அதுவும் ஆல்ப்ஸ் அடிவாரத்து ஊர், இங்கே வந்ததும் மலைக்கே. அவ்வளவு கண்ணாடியையும் கப்பலில் இறக்கி, கொண்டையூசி வளைவுகளில் உடையாமல் ஏற்றிக் கொண்டுவந்த கூலிக்காரர்கள் யாருடைய பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் நான் தேடினேன்.

அந்தச் சேவல். மணிக்கூண்டு உச்சியில் சிலுவை, சிலுவை மேல் சேவல். அதை வைத்துத்தான் ஊர்க்காரர்கள் சேவல் கோயில் என்கிறார்கள், புனித நிக்கோலாஸ் பேராலயம் என்று கேட்டால் டாக்சிக்காரர் முழிக்கிறார். நிக்கோலாஸ் பெயர் வந்தது அந்த கூவ்ரேர் சாமியாரின் பெயர்ப் புனிதர் என்பதால். சேவலின் நீளம் 66 சென்டிமீட்டர், உயரம் 58. நம் வீட்டுச் சேவலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான், ஆனால் 47 மீட்டர் உயரத்தில் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தால் சிட்டுக்குருவியாகத் தெரிகிறது. பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது, காற்று வீசுகிற பக்கம் திரும்பும். "சேவல் கூவுமுன் மூன்று முறை என்னை மறுதலிப்பாய்" என்று இயேசு ராயப்பரிடம் (பேதுருவிடம்) சொன்னதற்காக வைப்பது என்பது கோயில் விளக்கம். சேவல் பிரான்ஸின் சின்னமும்கூட. கட்டியவர்களுக்கு இரண்டுமே மனசில் இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

பலரும் கவனிக்காத ஒன்று: பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இது பேராலயமே, அதாவது ஆயரின் தலைமைக் கோயிலே கிடையாது, வெறும் பங்குக்கோயில். 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கில் கத்தோலிக்கர் தெற்கே வந்தார்கள், அதில் ஒரு பகுதி இந்த மலைகளிலும் குடியேறியது. 1960 நவம்பரில்தான் சைகோனிலிருந்து பிரித்துத் தனி மறைமாவட்டம் ஆக்கினார்கள். முதல் ஆயர் சிமோன் ஹுவா ஹியேன், வியட்நாமியர். ஆக, பேராலயம் என்ற தகுதி அதற்கு வந்தது பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு, அகதிகளாக வந்த வியட்நாம் கத்தோலிக்கர்களால். 'பிரெஞ்சுக் கோயில்' என்று கைடு சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

நம்மூரில் சைகோன் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. 1881 ஆணைப்படி தங்கள் மத, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, பிரெஞ்சுக் குடும்பப் பெயர் எடுத்தவர்களில் பலர் சைகோனில் சுங்கம், போலீஸ், தபால் என்று வேலைக்குப் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு நெம் (வியட்நாம் ஸ்பிரிங் ரோல்) பொரிக்கிற வீடுகளில் கேட்டால் கதை கதையாக வரும். தெரிந்த ஒரு பாட்டியின் ஆல்பத்தில் பைன் மரங்களுக்கு நடுவே கோட்டு போட்டு நிற்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். "அவரு எங்க மாமா, தாலாத்துல, குளிர் தாங்கலன்னு எழுதினாரு" என்றார், வருஷம் கேட்டால் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருந்து, பின்னால் இந்தக் கோயில் சாரக்கட்டோடு நின்றால், அது 1931க்கும் 1942க்கும் இடையில் எடுத்தது. கோயில் முழுசாக இருந்தால் அதற்கும் பிந்தியது. படத்தின் பின்புறத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், ஸ்டுடியோ முத்திரை இருக்கலாம்.