இரட்டைப் பொத்தான் ஃப்ளஷ் டேங்கும் அடியில் கிடக்கும் ரப்பர் வளையமும்

யாரும் கழிப்பறைப் பக்கம் போகாத நேரத்தில் ஃப்ளஷ் டேங்க் தானாகச் சில நொடிகள் நிரம்பி ஓய்கிறது என்றால், அதன் அடிப்பகுதியில் நீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். எங்கள் வீட்டில் இந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது வந்து பார்த்த பிளம்பர், மூடியைக்கூட முழுதாகத் திறக்காமல், "உள்ளே இருக்கிற செட்டையே மாத்திடலாம் சார்" என்றார். செட்டில் கெட்டிருந்தது தட்டையான ரப்பர் வளையம் ஒன்று மட்டுமே. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய எந்தக் கருவியும் தேவைப்படாது என்பதைப் பிறகு நானே திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பழைய வீடுகளில் தலைக்கு மேலே மாட்டியிருந்த, சங்கிலியை இழுத்தால் நீர் கொட்டும் இரும்புத் தொட்டிகள் சைஃபன் முறையில் இயங்கியவை. அவற்றில் நீர் ஒரு வளைவின் மேல் ஏறித்தான் கீழே இறங்க வேண்டும் என்பதால், சங்கிலியை இழுக்காதவரை கோப்பைக்குள் கசிவதற்கு வழியே இல்லை. இரட்டைப் பொத்தான் டேங்க் அப்படிப்பட்டதல்ல. டேங்கின் அடியில் உள்ள துளையை ஒரு வால்வு மூடிக்கொண்டிருக்கிறது. நீரின் அழுத்தமே அந்த வால்வின் ரப்பர் வளையத்தை அடித்தளத்தோடு சேர்த்துப் பிடிக்கிறது. பொத்தானை அழுத்தினால் வால்வு மேலே எழும்பும், நீர் பாயும், மீண்டும் கீழே விழுந்து மூடிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம் 1980-இல் 11 லிட்டர், 5.5 லிட்டர் என இரண்டு அளவுகளோடு இவ்வகையை அறிமுகப்படுத்தியது; இன்று நம் கடைகளில் பரவலாகக் கிடைப்பவை 6 லிட்டர், 3 லிட்டர் அளவின. சிக்கனத்துக்காக வந்த கருவி என்றாலும், அதன் சிக்கனம் முழுவதும் அந்த ஒரு வளையம் சரியாகப் படிவதை நம்பியே இருக்கிறது. சைஃபன் முறையையே வெகுகாலம் கட்டாயமாக்கியிருந்த பிரிட்டன் 2001 தொடக்கத்தில்தான் வால்வு முறையை அனுமதித்தது. 2020-இல் லண்டனுக்கு நீர் வழங்கும் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தின் அதிகாரி ஒருவரே, இத்தகைய கழிப்பறைகளின் கசிவால் வீணாகும் நீர் அவற்றால் மிச்சமாக வேண்டிய நீரைவிட அதிகம் என்று கூறினார்.

போர் தண்ணீரை நம்பியிருக்கும் சென்னைப் புறநகர் அடுக்ககங்களில் இந்தச் சிக்கல் இன்னும் விரைவாக வருகிறது. கடின நீரில் உள்ள கால்சியம், வளையத்தின் மீதும் அது உட்காரும் விளிம்பின் மீதும் வெண்மையான படிவாக ஒட்டிக்கொள்கிறது. மயிரிழை அளவு இடைவெளி விழுந்தாலும் போதும், நீர் மெல்லிய படலமாகக் கோப்பையின் பின்சுவரில் வழியும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. டேங்கின் உட்பரப்பு 35 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்குவது அரை லிட்டருக்குச் சற்று அதிகம். நாள் ஒன்றுக்கு 12 லிட்டருக்கு மேல். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

எதையும் கழற்றுவதற்கு முன்பு கசிவு எந்த இடத்தில் என்று உறுதிசெய்துகொள்வதுதான் வேலையின் முக்கியமான பாதி என்பது என் கருத்து. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைச் சில துளிகள் டேங்கில் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பை நீரில் நீலம் தெரிந்தால் கசிவு உறுதி. அடுத்து, டேங்குக்கு நீர் வரும் சுவர்க் குழாயில் உள்ள சிறு அடைப்பானை (ஆங்கிள் காக்) மூடிவிட்டு, நீர்மட்டத்தை டேங்கின் உட்சுவரில் பென்சிலால் குறித்து, ஓரிரு மணி நேரம் விட்டுவிடுங்கள். மட்டம் தொடர்ந்து இறங்கினால் அடி வளையத்தில் குறை. ஓரிடம்வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், மிகும் நீரைக் கோப்பைக்குள் வழியவிட நடுவில் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயில் அந்த உயரத்தில் விரிசல் இருக்கக்கூடும். மட்டம் இறங்கவே இல்லை, ஆனால் ஆங்கிள் காக்கைத் திறந்ததும் நீர் ஏறி ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் வழியாக வழிகிறது என்றால், வளையத்தின் மீது பழி போடக் கூடாது. நீரை உள்ளே விடும் மிதவை வால்வுதான் மூடாமல் நிற்கிறது. தரையில் ஈரம் இருந்தால் அது வேறு கதை. கோப்பையும் டேங்கும் சேரும் இடத்து கேஸ்கெட்டையோ போல்ட்டுகளையோ இணைப்புக் குழாயின் நட்டையோ பார்க்க வேண்டும்.

வளையத்தில்தான் குறை என்று தெரிந்தபின், ஆங்கிள் காக்கை மூடி, பெரிய பொத்தானை அழுத்தி டேங்கைக் காலி செய்ய வேண்டும். பீங்கான் டேங்குகளின் மூடியைப் பொத்தானைச் சுற்றியுள்ள வளையமே பிடித்திருப்பது வழக்கம்; அதை இடப்புறமாகத் திருகினால் கழன்றுவிடும். மூடியைத் தரையில் ஒரு துணியின் மேல் படுக்கவையுங்கள், ஏனென்றால் அது உடைந்தால் அதே அளவில் தனி மூடி வாங்குவது பெரும்பாடு. உள்ளே நிற்கும் வால்வின் உடலை இரு கைகளாலும் பிடித்து, இடப்புறமாகக் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலான வகைகளில் அது அடித்தளத்திலிருந்து விடுபட்டு மேலே வந்துவிடும். டேங்கைக் கோப்பையிலிருந்து பிரிக்கத் தேவையே இல்லை. பலர் தாங்களே செய்யத் தயங்குவதற்கும் சில பிளம்பர்கள் கூடுதலாகக் கூலி கேட்பதற்கும் டேங்கையே இறக்க வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

வால்வைத் தலைகீழாகப் பிடித்தால் வளையம் தெரியும். விரலால் நெம்பி உருவுங்கள். படிவு மட்டும் இருந்தால் வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்தால் கரையும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றக் கூடாது, அது ரப்பரைக் கெடுக்கும். டேங்கினுள் போட்டுவைக்கும் குளோரின் மாத்திரைகளும் இதே தீங்கை மெதுவாகச் செய்கின்றன, ஆகவே அவற்றை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். அடித்தளத்தின் விளிம்பை மென்மையான துணியால் துடைக்க வேண்டும். இரும்பு நாரால் தேய்த்தால் விழும் கீறலே அடுத்த கசிவுக்கு வழியாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்த, இருபுறமும் ஒரே மாதிரியான தட்டை வளையமாக இருந்தால் திருப்பிப் போட்டு இன்னும் சில காலம் ஓட்டலாம். ரப்பர் கெட்டியாகியோ, விரலில் கறுப்பாக ஒட்டியோ வந்தால் மாற்றுவதே வழி. வால்வுக்கு வால்வு வளையத்தின் விட்டமும் தடிப்பும் வேறுபடுவதால், பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். தனி வளையம் கிடைக்காது என்று சொல்லி முழு செட்டை நீட்டும் கடையிலிருந்து வெளியேறி, அந்த நிறுவனத்தின் உதிரிபாகம் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள்.

திரும்பப் பொருத்தும்போது அதிகம் கவனிக்கப்படாத ஒன்று, பொத்தானிலிருந்து வால்வுக்கு இறங்கும் தண்டுகளின் நீளம். அவை தேவைக்கு மேல் நீளமாக இருந்தால், மூடியை இறுக்கியதும் வால்வின் விசையைச் சற்றே அழுத்திக்கொண்டே இருக்கும். வளையம் புதியதானாலும் முழுமையாக அமராது. மூடியின்றிக் கசியாத டேங்க் மூடி போட்டபின் கசிந்தால் காரணம் இதுதான். தண்டுகளைத் திருகிச் சுருக்கி, பொத்தானுக்குச் சில மில்லிமீட்டர் தளர்வு விட்டால் சரியாகிவிடும்.

மிதவை வால்வில் குறை என்றால் வேலை இன்னும் சிறியது. நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி அதன் திருகைச் சரிசெய்ய வேண்டும். அப்படியும் நீர் நிற்காவிட்டால், மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய பிறகு குழாயில் இறங்கிய மண்ணோ துருவோ வால்வின் உள்ளே சிக்கியிருக்கலாம். கழற்றி அலசினால் பல நேரங்களில் போதும்.

சுவருக்குள் புதைத்த டேங்குகளிலும் பொத்தான் தகட்டைக் கழற்றினால் வால்வை எட்ட முடியும். கை நுழையும் இடம் குறுகியது என்பதால், எந்தப் பாகம் எந்த வரிசையில் வெளியே வந்தது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தகட்டைச் சுற்றிய சுவரில் ஈரம் ஊறியிருந்தால் கசிவது வளையம் அல்ல, உள்ளே உள்ள இணைப்பு. அதற்குப் பிளம்பரைத்தான் அழைக்க வேண்டும்.