நோயே இல்லாமல் மாத்திரை சாப்பிட்ட கதை

போன வருடம் என் மாமியாருக்கு நுரையீரலில் டிபி என்று சளிப் பரிசோதனையில் தெரிந்தது. சர்க்கரை வேறு இருப்பதால் எல்லோருக்கும் அவரைப் பற்றித்தான் கவலை. கூடவே இருக்கும் உங்களையும் பார்க்கணும் என்று சுகாதார ஊழியர் வீட்டுக்கே வந்து நின்றபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் என் ஒன்றரை வயது மகள் தூங்குவதே பாட்டி பக்கத்தில்தான். அத்தை பாவம், தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். "பாத்திரத்துல ஒட்டாதும்மா, காத்துலதான் பரவும், ஜன்னலைத் திறந்து வைங்க" என்று அந்த ஊழியர் சொல்லியும் அவர் மனசு கேட்கவில்லை.

இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு எல்லாம் விசாரித்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். பின்னால் நோய் வராமல் இருக்கத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள், ஆனால் உள்ளே ஏற்கெனவே நோய் இருக்கிறவருக்கு அது மட்டும் போனால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடுமாம், அதனால் இதில் அவசரம் கூடாது. எங்களுக்கு நோய் இல்லை. ஆனால் நோயாக மாறாமல் கிருமி மட்டும் உடம்பில் பதுங்கியிருக்கலாம், அதைத்தான் தொற்று என்கிறார்கள். 5 வயதுக்குள் என்பதால் குழந்தைக்குத் தொற்று டெஸ்ட் இல்லாமலே மாத்திரை, எனக்கும் கணவருக்கும் மாண்டூ என்கிற தோல் ஊசி டெஸ்ட்.

அதில்தான் சொதப்பல். வியாழக்கிழமை முன்கையில் ஊசி போட்டுவிட்டு "ரெண்டு மூணு நாள் கழிச்சு வாங்க" என்றார்கள், நானும் சாவகாசமாகத் திங்கள் சாயங்காலம் போய் நின்றேன். 48இலிருந்து 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டுமாம்! அதை முதலிலேயே சொல்வதற்கு என்ன? திரும்பவும் ஊசி, இந்த முறை 14 மில்லிமீட்டர் (சிவப்பை அளப்பதில்லை, தொட்டால் தடிப்பாக இருக்கும் இடத்தை மட்டும்தான்). கணவருக்கும் பாசிட்டிவ்.

தெரிந்த டாக்டர் ஒருவர், "நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இது இருக்கும், விடுங்க" என்றார். உலகத்தில் நாலில் ஒருவருக்குத் தொற்று இருக்கலாம் என்கிறார்கள், வாழ்நாளில் அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் நோயாக மாறும், அதனால் அவர் சொன்னது முழுப் பொய்யில்லை. ஆனால் தொற்றிய முதல் இரண்டு வருடத்தில்தான் ஆபத்து அதிகம், எங்கள் வீட்டிலோ இருமல் நேற்றுவரை கேட்டது. நான் விடவில்லை.

எங்களுக்கு ஐசோனியசிட், ரிபாபென்டின் இரண்டும் சேர்ந்த மருந்து, வாரம் ஒரு நாள், மொத்தம் 12 வாரம், கூடவே பி6 வைட்டமின். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டோம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று சொல்லியிருந்தும் முதல் நாள் பதறிப்போனேன். மூன்றாவது வாரம் உடம்பு வலியும் லேசான காய்ச்சலும் ஒரு நாள் படுத்தின, அப்புறம் ஒன்றுமில்லை. கணவர்தான் ஒவ்வொரு ஞாயிறும் "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஆரம்பிப்பார்.

குழந்தை கதை வேறு. இரண்டு வயது ஆகாததால் வாராந்திர மருந்து கிடையாது, தினமும் ஐசோனியசிட், 6 மாதம். பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் பாதி என் நைட்டியில்தான். கடைசியில் வழி கண்டுபிடித்தது அத்தைதான், தன் மாத்திரையை அவள் கண் முன்னே போட்டுக் காட்டுவார், உடனே இவளும் வாயைத் திறப்பாள். அத்தைக்குக் கோர்ஸ் முடிந்தபோது இவளுக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி. அந்த மூன்று வாரமும் அத்தை காலையில் ஒரு பொட்டுக்கடலையை மாத்திரை மாதிரி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.