300 கிலோமீட்டர், 10 மணி நேரம்

ஹார்ஷமிலிருந்து மெல்பர்ன் 300 கிலோமீட்டர். காருக்குப் பின்னால் கேரவனை, அதாவது எங்கள் சக்கர வீட்டை, இழுத்துக்கொண்டு மெதுவாகப் போனாலும் நாலு மணி நேரம்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்திருக்கலாம். காலை எட்டரைக்குக் கிளம்பிய நாங்கள் வாசலில் வண்டியை நிறுத்தும்போது மாலை ஆறரை.

ஜூன் மாதம் கிளம்பி அடிலெய்ட், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், டார்வின், புரூம், பெர்த் என்று ஆஸ்திரேலியாவைச் சுற்றிக்கொண்டு நல்லர்போர் என்னும் வறண்ட சமவெளி வழியாகத் திரும்பியிருக்கிறோம். 94 நாள், 14,000 கிலோமீட்டருக்கு மேல். கடைசி நாளில் எழுத என்ன இருக்கப்போகிறது, நெடுஞ்சாலைதானே என்றுதான் நானும் நினைத்தேன்.

ஏழு மணிக்குக் கண் விழித்தால் கேரவன் கடிகாரத்தில் ஐந்தேமுக்கால். அதற்கு ஒரு கதை உண்டு. நல்லர்போரில் கைகுனாவைத் தாண்டியதும் கடிகாரத்தை 45 நிமிஷம் முன்னால் தள்ளுங்கள் என்று ஒரு பலகை வரும். யூக்லா என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள நாலைந்து ரோடுஹவுஸ்கள் (பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கிற நெடுஞ்சாலை விடுதிகள்) மட்டும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டிருக்கும் நேரம் அது, பெர்த்தும் இல்லை அடிலெய்டும் இல்லை. மகன் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பிவைத்தான். அப்புறம் எல்லை தாண்டி இரண்டு முறை நேரம் மாறியும் யாரையும் தொடவிடவில்லை.

மிச்சமிருந்த இரண்டு கை ரவையில் உப்புமா கிளறும்போது கேஸ் தீர்ந்தது. இன்னொரு சிலிண்டர் தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவிலேயே காலி, ஒரு நாளைக்காக எதற்கு நிரப்புவது என்று விட்டிருந்தேன். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, இரவு தங்கிய கேரவன் பார்க்கின் பொதுச் சமையலறைக்கு ஓடி, அங்கே கிளறி முடித்தேன். இவர் அதற்குள் கேரவனின் கழிப்பறைப் பெட்டியை டம்ப் பாயின்ட் என்கிற கழிவுத் தொட்டியில் கொட்டிக் கழுவப் போயிருந்தார். வழக்கமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் முடிக்கிற வேலை. இன்று அரை மணி நேரம் தேய்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சாலையின் இரண்டு பக்கமும் கனோலா என்கிற எண்ணெய் வித்துப் பயிர் பூத்து மஞ்சளாகக் கிடந்தது, வலப்பக்கம் கிராம்பியன்ஸ் மலை கூடவே வந்தது. போகும்போது "வரும்போது பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டதற்கெல்லாம் இன்று வட்டியோடு கடன் அடைத்தோம். முதலில் டாட்ஸ்வெல்ஸ் பிரிட்ஜில் 14 மீட்டர் உயர கோவாலா பொம்மை. அழகு என்று பொய் சொல்ல மாட்டேன், அடகு வைத்த நகையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முகம் அதற்கு. ஆனாலும் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம்.

அராரட்டில் இறங்கியது மட்டும் வீணில்லை. ஆஸ்திரேலியாவில் சீனர்களால் உருவான ஊர் என்று அதைச் சொல்வார்கள், அந்தக் கதையைச் சொல்ல கம் சான் என்று ஒரு காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 1855இல் விக்டோரியா அரசு, கப்பலில் வந்து இறங்கும் சீனர்களுக்குத் தலைக்கு 10 பவுண்டு வரி போட்டது. வரிக்குத் தப்ப அவர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, காவடி மாதிரி மூங்கில் கம்பில் மூட்டைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, தங்க வயல்கள் வரை நடந்தே வந்திருக்கிறார்கள். அப்படி நடந்த ஒரு கூட்டம் 1857இல் வழியில் இளைப்பாறிய இடத்தில் தங்கம் கிடைக்க, ஊர் பிறந்தது. ஏசி வண்டியில் உட்கார்ந்தபடி முதுகு வலி என்று நான் நூறு முறையாவது புலம்பியிருப்பேன், அன்று கொஞ்சம் வாயை மூடிக்கொண்டேன்.

பல்லாரட்டில் வழக்கமான குளிர்காற்று. சூடாக 'பை' (pie) சாப்பிட்டோம், பெட்ரோல் போட்டோம், அவ்வளவுதான்.

பல்லாரட்டைத் தாண்டி பென்ட்லண்ட் ஹில்ஸ் இறக்கம் வரும்போது வண்டிக்குள் யாரும் பேச மாட்டோம். இரண்டு டன்னுக்கு மேல் எடை பின்னாலிருந்து தள்ளும், கியரைக் குறைத்து மெல்ல விட வேண்டும், பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடாகிவிடும். கீழே பேக்கஸ் மார்ஷ். முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்காக 1918இல் நட்ட எல்ம் மரங்கள் ஆளுக்கொரு மரமாகப் பெயர்ப் பலகையோடு வரிசையாக நிற்கின்றன, அந்த மரங்களுக்குப் பக்கத்திலேயே பழக்கடைகள். ஆப்பிள் ஒரு பை வாங்கினேன். பழத்தோடு பழ ஈ உள்ளே வந்துவிடக் கூடாது என்ற சோதனையில், செடூனாவில் எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து தக்காளி, எலுமிச்சை, பதினோரு பச்சை மிளகாய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து, பழம் வாங்கும்போதெல்லாம் எனக்குத் திருடி மாதிரி ஒரு உணர்வு. இதை யாரும் பிடுங்க மாட்டார்கள் என்றதும் அங்கேயே இரண்டு தின்றேன்.

மெல்ட்டன் வந்ததும் நெரிசல். நல்லர்போரில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள், அதுதான் அங்கே வணக்கம். இவருக்கு அது பழகிவிட்டது. சிக்னலில் பக்கத்தில் யூட்டில் (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள வண்டி) நின்றவருக்கு விரலைத் தூக்கினார். அந்த மனிதர் திரும்பி, தன் டயரைப் பார்த்தார், அப்புறம் எங்கள் டயரைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

எங்கள் தெருவில் கேரவனை ரிவர்ஸ் எடுப்பதுதான் கடைசிக் கண்டம். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் பின்னால் இருப்பது வலது பக்கம் போகும். இது புரியாமல் முதல் வாரம் முழுக்கப் பார்க் பார்க்காகச் சண்டை போட்டவர்கள் நாங்கள். இன்று இருட்டில், பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒரே முயற்சியில் உள்ளே போயிற்று. "பரவாயில்லங்க" என்றேன். "நீ கை காட்டினது சரியா இருந்துச்சு" என்றார். 94 நாளில் முதல் முறை.

வீட்டில் பால் இல்லை. கேரவன் ஃப்ரிட்ஜில் இருந்ததை எடுக்கப் போனேன். சுவரில் மணி ஐந்தேகால். சிரிப்பு வந்து மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்போ இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கும்மா" என்று ஷூவைக்கூடக் கழற்றாமல் தன் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டான்.