பூட்டின கடைக்குள் ஓடும் ஃபேன்

ஜூன் 20, 2025, வெள்ளி

கடைக் கணினி இன்றைக்கும் அணையவில்லை. ராத்திரி 9 மணிக்கு ‘ஷட் டவுன்’ கொடுத்தேன். திரை கறுத்தது, மானிட்டர் ‘நோ சிக்னல்’ காட்டிவிட்டு அடங்கியது. ஆனால் சிபியூவின் முன்விளக்கு எரிகிறது, உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தேன். கடைசியில் பவர் பட்டனை நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்துத்தான் அணைத்தேன். நாலு நாளாக இதே பாடு.

அம்பாசமுத்திரத்தில் நான் இந்த டிடிபி கடையைத் தொடங்கிய நாளிலிருந்து செய்த கோயில் கொடை (எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் திருவிழா) நோட்டீஸ் எல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அத்தனையும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த ஃபைல்கள், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. ஆடி பிறக்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. தினமும் இப்படிக் கழுத்தைப் பிடித்து அணைத்தால் ஹார்டு டிஸ்க் எத்தனை நாள் தாங்கும்?

ஜூன் 21, சனி

ஒன்று கவனித்தேன். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் எந்தத் தகராறும் இல்லாமல் திரும்பி வருகிறது. ‘ஷட் டவுன்’ கொடுத்தால்தான் நிற்கிறது.

விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. நாம் திறந்து வைத்ததை எல்லாம் மூடிவிடும். ஆனால் அதன் மையப்பகுதியை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு அணையும். மறுநாள் அந்தக் கோப்பை எடுத்துப் போட்டு வேகமாக எழும்பும். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பது இதுதான். ரீஸ்டார்ட் மட்டும் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். கோளாறு இங்கேதான் என்று நினைத்து, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அந்த டிக்கை எடுத்தேன். அந்தக் கோப்புக்கு இடம் பிடித்து வைக்கும் ஹைபர்னேட்டையும் நிறுத்தினேன். சி டிரைவில் மூன்று ஜிபிக்கு மேல் இடம் கிடைத்தது.

ராத்திரி பார்த்தால் விளக்கு எரிகிறது. ஃபேன் ஓடுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

கடை விடுமுறை. ஆனாலும் வந்து, விண்டோஸ் தனக்கு நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவேட்டைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் சிவப்பில் 41 என்ற எண். முதலில் பார்த்ததும் பகீரென்றது. அப்புறம் யோசித்தால், முறையாக அணையாமல் மின்சாரம் போனது என்பதற்கான பதிவு அது. நான் பட்டனை அழுத்தியதற்குக் கிடைத்த பதில், அவ்வளவுதான். இதைக் காரணம் என்று எடுத்துக்கொண்டு அலையக் கூடாது.

நேற்று ராத்திரிக் கணக்கில் 6006-ம் இருக்கிறது. பதிவேட்டுச் சேவை ஒழுங்காக மூடியதைச் சொல்லும் எண் அது. அப்படியென்றால் விண்டோஸ் தன் வேலையைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டது. கடைசிப் படியில், மின்சாரத்தை விடும் இடத்தில்தான் சிக்கல்.

ஜூன் 23, திங்கள்

தெரிந்த மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். “எஸ்எம்பிஎஸ் போயிட்டு அண்ணாச்சி, மாத்திருவோம்” என்றார். எஸ்எம்பிஎஸ் என்பது கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் ஒரு பச்சை ஒயர் உண்டு. போர்டு அதைக் கிரவுண்டோடு சேர்த்து வைத்திருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் ஓடும், விட்டால் நிற்கும். போர்டு விட்டும் எஸ்எம்பிஎஸ் நிற்கவில்லையா, போர்டே விடவில்லையா? இது தெரியாமல் எதை மாற்ற?

சாயந்திரம் ஊர்க் கொடைக் கமிட்டியிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். “தம்பி, போன வருச நோட்டீஸ அப்படியே எடுங்க. வரிதாரர்ல ரெண்டு பேரு கூடியிருக்காவ. எங்க பெரியப்பா பேருக்கு முன்னால மட்டும் அமரர்னு போட்டுருங்க.” கால்நாட்டு, குடியழைப்பு, மாக்காப்பு, வில்லிசை, சாமக்கொடை என்று கொடை நிகழ்ச்சிகள் எல்லாம் நேரத்தோடு அந்த ஃபைலில் இருக்கின்றன. பெரியவர் பெயரைத் தேடி எடுத்து அமரர் சேர்த்தேன். போன வருடம் அவரே வந்து புரூஃப் பார்த்தார். சேவ் செய்ததும் பென்டிரைவிலும் ஒரு காப்பி எடுத்து வைத்தேன். இது தொலைந்தால் நான் என்ன முகத்தோடு அவர்கள் தெருவில் நடப்பேன்?

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு ஒரு வழி கிடைத்தது. விண்டோஸை விட்டுவிட்டு, பென்டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட் என்ற வேறு இயங்குதளத்தை ஓட்டி, அங்கிருந்து ஷட் டவுன் கொடுத்தேன். பென்டிரைவை உருவிவிட்டு என்டரைத் தட்டச் சொன்னது. தட்டினேன். பட்டென்று விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அணைந்தது.

எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கிறது. போர்டும் நல்லா இருக்கிறது. அதே பெட்டி, அதே ஒயர். விண்டோஸ் பக்கம்தான் தேட வேண்டும். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூன் 25, புதன்

பிரிண்டர், ஸ்கேனர், பென்டிரைவ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பலன் இல்லை. மூன்று மணி நேரம் கரண்டும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

பிடித்துவிட்டேன்!

விண்டோஸ் அப்டேட் வரலாற்றில் டிரைவர் பகுதியைத் திறந்தால், 16-ஆம் தேதி ஒரு டிரைவர், அதாவது கணினியின் ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள், தானாக ஏறியிருக்கிறது. தொல்லை தொடங்கியது 17-ஆம் தேதி ராத்திரி. மேனேஜ்மென்ட் என்ஜின் இன்டர்ஃபேஸ் என்று பெயர். மதர்போர்டில் இருக்கும் சிப்செட்டுக்குள் தனியாக ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. கணினியை அணைத்த பிறகும் அதற்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அதோடு விண்டோஸ் பேசுவதற்கான டிரைவர் இது.

டிவைஸ் மேனேஜரில் சிஸ்டம் டிவைசஸுக்குள் அதை ‘டிசேபிள்’ செய்துவிட்டு ஷட் டவுன் கொடுத்தேன். அணைந்தது. திரும்ப ‘எனேபிள்’ செய்தேன். அணையவில்லை. மறுபடி டிசேபிள், அணைந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. அதே இடத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டன் உயிரோடு இருந்தது. அழுத்திப் பழைய டிரைவருக்கே திரும்பினேன். எனேபிள் செய்து வைத்தபடியே இப்போது முறையாக அணைகிறது.

மெக்கானிக்குப் போன் போட்டுச் சொன்னேன். எந்த டிரைவர் என்று கேட்டுப் பெயரை எழுதிக்கொண்டார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 28, சனி

இத்தனை நாள் அழுத்தி அணைத்ததில் டிஸ்க்குக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று செக் டிஸ்க் ஓட்டினேன். சின்னச் சின்னப் பிழைகளைச் சரிசெய்தது, பேட் செக்டார் (டிஸ்க்கில் கெட்டுப்போன இடம்) இல்லை. அப்புறம் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி வந்து, எல்லா வருட நோட்டீஸையும் எழுத்துருக்களோடு சேர்த்து அதில் ஏற்றினேன். எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை.

ஜூலை 1, செவ்வாய்

அண்ணாச்சி வந்து புரூஃப் பார்த்தார். பெரியப்பா பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ராத்திரி 9:10. ஷட் டவுன். ஃபேன் நின்றது. ஷட்டரை இறக்கியபோது வெளியே மேற்கிலிருந்து சாரல் காற்று மட்டும் கேட்டது.