குறுக்கு வீதியில் ஒரு மில்

உள்ளூராட்சி மன்றத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த காலத்தில் பாவனை மாற்ற விண்ணப்பங்களுக்குக் குறைவே இருந்ததில்லை. குடியிருக்கும் வீட்டின் முன்பக்கத்தில் தையற்கடை, பலசரக்குக் கடை, இடியப்பக் கடை நடத்த அனுமதி கேட்பார்கள். கேட்டவர்களில் பலர் பெண்கள். மட்டக்களப்பில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்கு எழுதப்படுவதே வழக்கம். கையில் காசில்லாத பெண்ணின் பெயரும் காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கும். கல்முனை வீதியோரம் கடை எடுக்க முற்பணத்துக்கு எங்கே போவாள்? வளவின் முன் பத்தடிதான் அவளுடைய மூலதனம்.

சட்டம் கண்டிப்பானது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் 1982 ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்வதன்படி, நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் ஒரு கல்லைக்கூட வைக்காமல் பாவனையை மட்டும் மாற்றினாலும் அது அபிவிருத்திதான், அனுமதி வேண்டும். வீட்டு வாழ்க்கையோடு ஒட்டிய பாவனைக்கு விலக்கு உண்டு. அயல் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது அந்த விலக்குக்குள் அடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு மெஷினும் பெயர்ப்பலகையும் வந்துவிட்டால்? இதற்கு வரைபடத்தில் விடை கிடையாது. இடத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும், அதுவும் வியாபாரம் நடக்கும் நேரத்தில்.

என் மனதில் நிற்பது ஒரு மில். கணவனை இழந்த ஒரு பெண், அரிசியும் மிளகாயும் அரைக்கும் இயந்திரத்தைக் கிழக்கு வேலியோரம் பொருத்தி ஓட்டத் தொடங்கிவிட்டார். அந்த வேலிக்கு அப்பால் இருந்த அயல்வீட்டுப் பெரியவர் முறைப்பாடு கொடுத்த பிறகுதான் விண்ணப்பம் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு போனேன். பெரியவர் எங்களைக் கொடிக்கயிற்றடிக்குக் கூட்டிப்போனார். பேரப்பிள்ளையின் வெள்ளைப் பள்ளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கழுத்துப்பட்டியில் செம்மஞ்சள் பொடி. விரலால் தட்டினார், தும்மல் வந்தது எனக்கு.

1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளில் பிரதேச சபைப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், மாநகர சபைப் பகுதிக்கு 63 என்று எல்லை உண்டு. மிளகாய் நெடி அந்தக் கணக்கில் வராது. இயந்திரத்தின் சத்தத்தைப் பற்றி அந்தப் பெரியவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மிளகாயை விட்டுவிட்டு அரிசி மட்டும் அரைக்கலாமே என்றேன். "சேர், சனம் இரண்டையும் ஒரே பையில்தான் கொண்டுவரும். மிளகாய் அரைக்காத மில்லுக்கு யார் வருவார்கள்?" என்றார் அந்தப் பெண். அது நியாயம்.

வழி சொன்னவர் பெரியவர்தான். "தம்பி, அந்தப் பிள்ளை பிழைக்கட்டும். ஆனால் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது அரைத்தால் முழுவதும் என் வீட்டுக்குத்தான் வருகிறது. பின்னேரம் கடற்காற்று எழும்பினால் அந்தப் பக்கம் போய்விடும்." மேற்குப் பக்கம் வெறும் வளவு. நிபந்தனைகளை அவர் சொன்னபடியே எழுதினோம்: மிளகாய் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு மட்டும், இயந்திரத்துக்குக் கல்லால் கட்டிய அறை, கிழக்குச் சுவரில் யன்னல் கூடாது, தூசியைப் பிடிக்கத் துணிப்பை.

அந்த வீதி முழுவதையுமே வர்த்தக வலயமாக்கிவிட்டால் தொல்லை தீரும் என்று திட்டமிடல் குழுவில் ஒருவர் சொன்னார். நான் கடுமையாக எதிர்த்தேன், இன்றும் எதிர்ப்பேன். வலயத்தை மாற்றினால் உரிமை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு அந்த வளவை வாங்குபவன் வாகனம் கழுவும் இடம் போடுவான், இரும்புக் கடை போடுவான். பெரியவரின் பேரப்பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? அனுமதி அந்தத் தொழிலுக்கு, அந்த அளவுக்கு, அந்த நிபந்தனைகளோடு இருக்க வேண்டும். வியாபார உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், நிபந்தனை மீறப்பட்டால் சபைக்குப் பிடி இருக்கும்.

நான் விட்டுக்கொடுக்காத விடயம் தண்ணீர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் இந்த மணலில் கிணற்று நீர் ஆழத்தில் இல்லை. சாப்பாட்டுக் கடையின் கழிவுநீரை வளவில் ஊற்றினால் அது அயலவரின் வாளிக்கே வந்து சேரும். அப்படியான விண்ணப்பங்களில், எவ்வளவு ஏழ்மை என்றாலும், கழிவுத்தொட்டி கட்டி முடியும்வரை கையொப்பமிட மறுத்தேன். வேண்டியவர்களும் கோபித்துக்கொண்டார்கள். மறுத்த காரணத்தையும், எதைச் செய்துவிட்டு வந்தால் அனுமதி கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுவேன். தொட்டியைக் கட்டிவிட்டு வந்தவர்களுக்கு உடனே அனுமதி கொடுத்தோம்.