இடது கையை மட்டும் கேட்டுப் பாருங்க

போன வாரம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். பியானோ கிரேடு எக்ஸாமுக்காக ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதின டூ பார்ட் இன்வென்ஷன் (ரெண்டு கையும் ஆளுக்கொரு மெட்டு வரியை வாசிக்கிற சின்ன உருப்படி) ஒண்ணை மாசக்கணக்கா தட்டிக்கிட்டு இருக்கான், அவனுக்கும் வெறுத்துப் போச்சு, கேக்குறவங்களுக்கும் வெறுத்துப் போச்சு. சரி மாறுதலா இருக்கட்டுமேன்னு அமெரிக்க ஜாஸ் பாடகி நீனா சிமோனோட 'லவ் மீ ஆர் லீவ் மீ' போட்டு விட்டேன். பாட்டு ஓடி நடுவுல பியானோ சோலோ ஆரம்பிச்சதுதான் தாமதம், பய மொபைலை கீழ வச்சுட்டான். "மாமா, இது என் பாடம் மாதிரியே இருக்கு!"

அதேதாண்டா. ஜாஸுக்குள்ள மேற்கத்திய கிளாசிக்கல் ஒளிஞ்சிருக்குற இடம் இது. அந்த சோலோல வலது கை ஒரு வரியை எடுத்துக்கிட்டு ஓடும், இடது கை சும்மா கார்டு (சேத்து ஒண்ணா அமுக்குற சுரங்கள்) அமுக்கிட்டு உக்காந்திருக்காம தனியா இன்னொரு வரியை எடுத்துக்கிட்டு பின்னாடியே துரத்தும், அப்படியே பாக், ஆனா பக்கத்துல பேஸும் டிரம்ஸும் அது பாட்டுக்கு ஜாஸோட ஸ்விங் தாளம் போட்டுக்கிட்டு இருக்கு. ஸ்டைலுக்காக மேல தூவினது இல்ல இது. நீனா சிமோனோட நிஜப் பேரு யூனிஸ் வேமன், சின்ன வயசுலேர்ந்து கிளாசிக்கல் பியானோ கலைஞரா மேடை ஏறணும்னுதான் சாதகம் பண்ணாங்க. 1951ல ஃபிலடெல்ஃபியால இருக்குற கர்டிஸ் இன்ஸ்டிடியூட்ங்கற இசைக் கல்லூரில இடம் கிடைக்கல, கறுப்பினப் பொண்ணுங்கறதாலதான்னு கடைசி வரைக்கும் நம்பினாங்க. அப்புறம் வயித்துப்பாட்டுக்கு அட்லாண்டிக் சிட்டில ஒரு பார்ல வாசிக்கப் போனா, பாடினாத்தான் வேலைன்னுட்டாங்க. பாடகி ஆனது அப்படித்தான்! அதே கர்டிஸ் 2003ல கௌரவப் பட்டம் குடுத்துச்சு, அவங்க சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. எனக்கு இதை நினைச்சா இன்னமும் எரிச்சலா வரும். அந்த சோலோவைக் கேக்குறப்ப இடம் கிடைக்காத பொண்ணு பரீட்சை எழுதிக் காட்டுற மாதிரியே தோணும்.

அடுத்து அவனுக்குப் போட்டது ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸோட 'பீஸ் பீஸ்', 1958 டிசம்பர்ல பதிவானது, தனி பியானோ மட்டும். இவரும் காலேஜ்ல முறையா கிளாசிக்கல் படிச்சவர். லெனார்ட் பெர்ன்ஸ்டைனோட 'சம் அதர் டைம்' பாட்டுக்கு ஒரு முன்னுரை மாதிரி வாசிக்கப் போய், அந்த முன்னுரைலயே மாட்டிக்கிட்டு பாட்டுக்குள்ள போகவே இல்ல, அதுவே தனி உருப்படி ஆயிடுச்சு. இடது கைல ரெண்டே கார்டு, ஆறரை நிமிஷமும் அதேதான், தம்புரா மாதிரி. வலது கை முதல்ல நல்ல பிள்ளையா மெதுவா பாடிக்கிட்டு இருக்கும், போகப்போக அந்தச் சுர வரிசையை விட்டு வெளிய போயி ஏதோ பறவை கத்துற மாதிரி கீச்சுகீச்சுன்னு... இடது கை கண்டுக்கவே கண்டுக்காது.

இதைக் கேட்டதும் உடனே ஷோபான் எழுதின 'பெர்ஸ்யூஸ்', ஓபஸ் 57 கேளுங்க. 1840கள்ல எழுதின தாலாட்டு. அங்கயும் இடது கை கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் ஒரே ஆட்டம் தொட்டில் ஆட்டுற மாதிரி, வலது கை மட்டும் சுத்திச் சுத்திப் பின்னிக்கிட்டே போகும். மெட்டு வேற, காலம் வேற, ஆனா எலும்புக்கூடு ஒண்ணுதான். 'பீஸ் பீஸ்' பதிவாகி அடுத்த ஏப்ரல்ல, 1959ல, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ரெக்கார்டிங்ல எவன்ஸ் உக்காந்தப்ப, அதே ரெண்டு கார்டுதான் 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்' ஆரம்பத்துல வருது. அந்த சமயத்துல தானும் எவன்ஸும் ஃப்ரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் மேல பைத்தியமா இருந்ததா மைல்ஸே சுயசரிதைல சொல்லியிருக்காரு, குறிப்பா இடது கைக்கு மட்டும்னே ராவெல் எழுதின கான்செர்டோ (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேந்து வாசிக்கிற உருப்படி). முதல் உலகப் போர்ல வலது கையை இழந்த பியானோ கலைஞர் பவுல் விட்கென்ஸ்டைனுக்காக எழுதினது அது.

இடது கைன்னதும் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை விட முடியுமா. 1928ல வண்டி தீப்பிடிச்சு இடது கைல ரெண்டு விரல் கிட்டத்தட்ட போச்சு, மிச்ச விரலை வச்சு கிட்டார் வாசிச்ச மனுஷன். 1937 பாரிஸ்ல, பாக்-ஓட ரெட்டை வயலின் கான்செர்டோ முதல் பகுதியை எடி சவுத்தும் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் வயலின்ல வாசிக்க, ஒரு ஆர்கெஸ்ட்ரா பண்ற வேலையை இவரு ஒத்தை கிட்டார்ல பண்றாரு. ரெண்டு பதிவு இருக்கு, ஒண்ணு கொஞ்சம் அடக்கஒடுக்கம், இன்னொண்ணுல கட்டவிழ்த்து விட்டுட்டாங்க. எனக்கு ரெண்டாவதுதான். எடி சவுத்தும் முறையா கிளாசிக்கல் கத்துக்கிட்டவர்தான், கறுப்பர்ங்கறதால அந்தப் பக்கம் கதவு திறக்கல, நீனா கதையே தான்.

ஜாஸும் பாக்கும்னா, ஃப்ரெஞ்சு பியானோ கலைஞர் ஜாக் லூசியேயோட 'ப்ளே பாக்' எங்கன்னு கேப்பீங்க. 1959லேர்ந்து பாக் கூட டிரம்ஸ் சேத்து வாசிச்சவர், நல்ல விரல்தான், ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு மேல கேட்டா ஸ்டார் ஹோட்டல் லாபில உக்காந்திருக்குற மாதிரி ஆயிடுது. மெட்டை அப்படியே எடுத்தாலே எனக்குப் பிடிக்காதுன்னு இல்ல, ஜாஸ் இசையமைப்பாளர்கள் டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் 1960ல சைகோவ்ஸ்கியோட 'நட்கிராக்கர்' பாலே மெட்டைத்தானே எடுத்தாங்க. சர்க்கரைத் தேவதை செலஸ்டாங்கற மணியோசைக் கீபோர்டுல கிணுகிணுன்னு ஆடுற நடனத்தை 'சுகர் ரம் செர்ரி'ன்னு பேரு மாத்தி, டெனர் சாக்ஸபோன் தள்ளாடித் தள்ளாடி வர்ற மாதிரி பண்ணிட்டாங்க. அந்தக் குசும்பு இருந்தா எதையும் மன்னிச்சிடலாம்.

பய நேத்து ஃபோன் பண்ணான். எக்ஸாம் பீஸுக்குக் கூட டிரம்ஸ் வச்சுக்கலாமான்னு டீச்சர்கிட்ட கேட்டிருக்கான், செம திட்டு. லூசியே பேரை நான் அவன்கிட்ட சொல்லவே இல்லங்க, சத்தியமா.