தொடை தட்டல்

நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே பையன் தன் தொடையில் ‘பட்’டென்று ஓர் அறை. குடியாத்தம் பக்கம், இன்று சாயங்காலக் கபடி.

மண் ஒட்டிய கை. ஐந்து விரலும் தொடையில் அச்சாகப் பதிந்திருந்தன.

கிரிக்கெட் ஆடிய காலத்தில் ஷிகர் தவானும் இப்படித்தான் தட்டுவார். ஆனால் அவர் கேட்ச் பிடித்த பிறகு! நம்ம பையன் முன்கூட்டியே தட்டிவிட்டான்.

எங்கள் வட ஆற்காட்டில் தொடை தட்டினவனை லேசில் விட மாட்டார்கள். சபையில் திரௌபதியைப் பார்த்துத் தட்டிய துரியோதனனை திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் இன்றைக்கும் மண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைக்கிறோம். துரியோதனன் வதம் நடக்கும் படுகளத்தன்று பீமன் வேஷக்காரர் கதாயுதத்தோடு சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அடிப்பது அந்தத் தொடையில்தான். வெயிலாவது ஒன்றாவது, அதைப் பார்க்காமல் யாரும் நகர மாட்டார்கள்.

சரி, பையனை மூன்று பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள்.

வெளியே வந்தவன் முதலில் தொடையைத்தான் துடைத்தான்.